ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அரசு நிதி: எந்தக் குறைக்கு எந்தத் திட்டம்?

பிரசவ அறைக் கூரை ஒழுகுகிறது, ஆய்வகத்தில் கருவி இல்லை, இரவுப் பணிக்குச் செவிலியர் இல்லை. மூன்றையும் ஒரே மனுவில் எழுதி, "அரசு நிதி ஒதுக்க வேண்டும்" என்று ஆட்சியரிடம் கொடுக்கும் ஊராட்சிகள் ஏராளம். அந்த மனு பெரும்பாலும் அலுவலகம் அலுவலகமாகச் சுற்றும். காரணம், இந்த மூன்று குறைகளுக்கும் பணம் வரும் கணக்குகள் வேறு, ஒப்புதல் தரும் அதிகாரி வேறு, செலவு செய்யக் கூடாதவற்றின் பட்டியலும் வேறு. தமிழ்நாட்டுக் கிராமப்புற அரசு மருத்துவமனைகளுக்குக் கிடைக்கும் முக்கியமான நிதி வழிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

அன்டைட் நிதி: தொகை சிறிது, வேகம் அதிகம்

2005 ஏப்ரலில் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம் (இப்போது தேசிய நலவாழ்வு இயக்கத்தின் ஒரு பகுதி) கொண்டுவந்தவற்றில் கிராமத்துக்கு மிகவும் பயன்பட்டது, குறிப்பிட்ட தலைப்புக்கென்று கட்டிப்போடாத இந்த அன்டைட் நிதிதான். தேசிய நெறிமுறைப்படி ஓராண்டுக்குத் துணை சுகாதார நிலையத்துக்கு ரூ.20,000 (கூடுதல் சேவை தரும் நலவாழ்வு மையமாக மாறியிருந்தால் ரூ.50,000), ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ரூ.1.75 லட்சம், சமுதாய சுகாதார நிலையத்துக்கு ரூ.5 லட்சம், மாவட்ட மருத்துவமனைக்கு ரூ.10 லட்சம். 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற அளவுகோலில் கணக்கிட்டால், தலைக்கு ஆண்டுக்கு ஆறு ரூபாய்கூட இல்லை. மாதத்துக்கு ஏறத்தாழ ரூ.14,500.

இவ்வளவு குறைவாக இருந்தும் இதை முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம், முடிவு எடுப்பது அந்த நிலையத்தின் நிர்வாகக் குழுவான நோயாளர் நலச் சங்கமே என்பதுதான். உடைந்த குழாய், எரியாத விளக்கு, பரிசோதனை மேசைக்குத் திரைச்சீலை, பிளீச்சிங் பவுடர், அவசர நோயாளியை அனுப்ப வண்டிச் செலவு ஆகியவற்றுக்குச் சென்னையின் கையெழுத்து தேவையில்லை. சம்பளத்துக்கும் வாகனம் வாங்கவும் இதைத் தொடக் கூடாது.

இது எங்கே தடுக்கிறது? முதலாவது, தீர்மானம் இல்லாத செலவு. சங்கக் கூட்டத்தை நடத்தாமல் பொருளை வாங்கிவிட்டு, பின்தேதியிட்டுத் தீர்மானம் எழுதினால் தணிக்கையில் அகப்படும். இரண்டாவது, ஆண்டின் பிற்பகுதியில் பணம் வந்து மார்ச் மாதத்தில் அவசரமாகச் செலவாவது. இப்போது பணம் நிலையத்தின் வங்கிக் கணக்கில் தங்குவதில்லை. மாநில அளவிலான ஒற்றை முகமைக் கணக்கிலிருந்து செலவு வரம்பு மட்டுமே தரப்படுகிறது. வரம்பைப் பயன்படுத்தாவிட்டால் அது அப்படியே போய்விடும், அடுத்த ஆண்டு ஒதுக்கீடு கேட்கும்போது அந்தக் குறைந்த செலவே எதிராக நிற்கும். எனவே ஏப்ரல், மே மாதங்களிலேயே பழுதுப் பட்டியலையும் விலைப்புள்ளிகளையும் தீர்மானத்தையும் தயாராக வைத்துக்கொள்வது நல்லது. வரம்பு வந்த அன்றே வேலையைத் தொடங்கலாம்.

நிதிக்குழு மானியம்: தொகை பெரிது, தலைப்பு இறுக்கம்

மத்திய, மாநில அரசுகளிடையே நிதிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழு, 2021–26 காலத்துக்கு உள்ளாட்சி அமைப்புகள் வழியாகச் சுகாதாரத்துக்கென ரூ.70,051 கோடியைப் பரிந்துரைத்தது. அதில் கிராமப்புறத்துக்கு ரூ.43,928 கோடி. தேசிய நலவாழ்வு இயக்கத்தில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு போட வேண்டும். நிதிக்குழு மானியத்தில் மாநிலப் பங்கு கேட்கப்படவில்லை என்பது பெரிய வசதி.

ஆனால் கேட்பதற்குமுன் தலைப்புகளைப் பார்த்துவிட வேண்டும். ஆரம்ப நிலைப் பரிசோதனை வசதிகளுக்கு ரூ.18,472 கோடி, கிராம நிலையங்களை நலவாழ்வு மையங்களாக மாற்ற ரூ.15,105 கோடி, வட்டார பொது சுகாதார அலகுகளுக்கு ரூ.5,279 கோடி. கட்டடத்துக்கு ரூ.7,167 கோடி, அதாவது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான். அந்தத் தலைப்பும் கட்டடமே இல்லாத நிலையங்களுக்கானது. வாடகை வீட்டில் இயங்கும் துணை நிலையத்துக்கு அங்கே வலுவான வாதம் உண்டு. சொந்தக் கட்டடம் ஒழுகுகிறது என்பவர் வேறு வழி பார்ப்பது மேல். 2021–26 காலத்தில் பரிசோதனைக் கருவி கேட்பவருக்கு இதுவே முதல் வாசல்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஐந்தாண்டுக்கான பணத்தில் கருவி வந்துவிடும். அதை இயக்கும் ஆய்வக நுட்பநர், வேதிப்பொருள், பராமரிப்பு ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும். திறப்பு விழா முடிந்த ஆய்வகம் பூட்டிக் கிடப்பது பெரும்பாலும் இதனால்தான். கருவி கேட்கும் கருத்துருவிலேயே நுட்பநர் பணியிடம் இருக்கிறதா, வேதிப்பொருள் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்ற இரண்டு வரிகளைச் சேர்க்காமல் அனுப்பக் கூடாது.

ஆள் வேண்டுமென்றால்

ஒப்பந்தச் செவிலியர், நுட்பநர், பல் மருத்துவர் போன்றோருக்குத் தேசிய நலவாழ்வு இயக்கத்தின் திட்ட அமலாக்க அறிக்கைதான் வழி. வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனத் தேவை மேலே போய், மத்திய அரசு ஒப்புதல் பதிவேட்டில் வந்தால் மட்டுமே சம்பளம் கிடைக்கும். இது 2022–24, 2024–26 என இரண்டாண்டுச் சுற்றாகிவிட்டதால், ஒரு சுற்றைத் தவறவிட்டால் இடையில் அனுப்பும் துணைத் திட்ட அறிக்கையையே நம்பியிருக்க வேண்டும். கோரிக்கையில் வெறும் "பற்றாக்குறை" என்று எழுதினால் போதாது. மாதப் பிரசவ எண்ணிக்கை, புறநோயாளர் எண்ணிக்கை, இந்தியப் பொது சுகாதாரத் தரத்தின்படி இருக்க வேண்டிய பணியிடம், இப்போது இருப்பவர்கள் என்று நான்கு எண்களையும் கொடுக்க வேண்டும்.

2021 அக்டோபரில் தொடங்கிய ரூ.64,180 கோடி பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் உள்கட்டமைப்புத் திட்டத்தைப் பலரும் இங்கே குழப்பிக்கொள்கிறார்கள். அதன் கிராமப்புற நலவாழ்வு மையப் பகுதி, கூடுதல் கவனம் தேவைப்படும் மாநிலங்களையும் வடகிழக்கையும் நோக்கியது. தமிழ்நாட்டுக்கு அதில் முக்கியமானவை மாவட்ட அளவிலான தீவிர சிகிச்சைப் பிரிவுகளும் ஒருங்கிணைந்த பொது சுகாதார ஆய்வகங்களும்தான்.

சம்பாதிக்கக்கூடிய பணம்

காயகல்ப் விருது 2015-இல் தொடங்கியது. தூய்மை, கழிவு மேலாண்மை, தொற்றுத் தடுப்பு போன்றவற்றில் 70 சதவீத மதிப்பெண் எடுத்தாலே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பாராட்டுத் தொகை ரூ.50,000, மாவட்டத்தில் முதலிடம் வந்தால் ரூ.2 லட்சம். இதில் 75 சதவீதம் நிலைய மேம்பாட்டுக்கு, 25 சதவீதம் ஊழியர்களுக்கு. முதலிடத் தொகை ஓராண்டு அன்டைட் நிதியைவிடக் கூடுதல் என்பதைக் கவனியுங்கள். அன்டைட் நிதியில் வண்ணக் குப்பைத் தொட்டிகளையும் கைகழுவும் குழாய்களையும் சரிசெய்து, அதைக் கொண்டே காயகல்ப் மதிப்பெண்ணை உயர்த்துவதுதான் சிறிய நிலையத்துக்கு மிகச் சிறந்த உத்தி.

தாலுகா மருத்துவமனையாக இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மற்றவற்றைவிட மேலானது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரையிலான காப்பில், அரசு மருத்துவமனையும் சிகிச்சைக்குரிய தொகையைக் கோரிப் பெறலாம். அறுவை சிகிச்சை நடக்காத ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இதில் பெரிதாக எதிர்பார்க்க ஒன்றும் இல்லை. முன் அனுமதி பெறாமை, குடும்ப அட்டைக்கும் ஆதாருக்கும் பெயர் பொருந்தாமை, வெளியேற்றச் சுருக்கத்தில் (டிஸ்சார்ஜ் சம்மரி) விடுபட்ட விவரம் ஆகியவை கோரிக்கையைச் சிக்கலாக்கும். இதற்கென ஒருவரைக் காலையிலேயே அமர்த்தும் மருத்துவமனைக்குத்தான் பணம் வரும்.

கூரைக்கும் சுற்றுச்சுவருக்கும்

கட்டட வேலைகளுக்குச் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி (ஆண்டுக்கு ரூ.3 கோடி), நாடாளுமன்ற உறுப்பினரின் நிதி (ரூ.5 கோடி), மாநில அரசின் 'நமக்கு நாமே' திட்டம் ஆகியவற்றைப் பார்க்கலாம். கடைசியானதில் மூன்றில் ஒரு பங்கை ஊரார் திரட்ட வேண்டும். வெளியூரில் வேலை செய்பவர்கள் நிறைய உள்ள கிராமங்களுக்கு அது எட்டாத தொகை அல்ல. மூன்றிலும் பொறியாளரின் மதிப்பீடும், நிலம் சுகாதாரத் துறையின் பெயரில் இருப்பதற்கான ஆவணமும் கையில் இருந்தால் கோப்பு நிற்காது. தொடர் செலவுக்கு இந்தப் பணம் வராது. நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில் ஆம்புலன்ஸ் வாங்கலாம், ஆனால் ஓட்டுநர் சம்பளமும் டீசலும் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிய பிறகே சாவியைப் பெற வேண்டும்.