தோழி சொல்லி வாங்கிய சன்ஸ்கிரீன்: இரண்டு வருடம் கழித்து

நேற்று கூட வேலை பார்க்கிற ஒருத்தி, "உன் முகம் இப்போ நல்லா தெளிஞ்சிருக்கே, என்ன போடுற?" என்று கேட்டாள். இரண்டு வருடத்துக்கு முன் நானும் இதே கேள்வியோடுதான் பளிச்சென்று இருக்கும் தோழிகளிடமெல்லாம் போய் நின்றேன். இரண்டு பேர் "ஒண்ணுமே போடறதில்லப்பா, தண்ணி நிறைய குடிப்பேன்" என்றார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன், சிலருக்குத் தோல் பிறவியிலேயே அப்படி அமைந்துவிடும், ஆனால் கேட்கிறவளுக்கு அதனால் என்ன பிரயோஜனம்? மூன்றாமவள்தான் பையைத் திறந்து ட்யூபையே எடுத்துக் காட்டினாள். சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப் 50 (வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று காட்டும் எண்). அன்று சாயங்காலமே வாங்கிவிட்டேன்.

மூன்று மாதம் போட்டும் கன்னத்தில் பரு போன இடத்துக் கறை அப்படியே இருந்தது. கோபமாகவே அவளிடம் சொன்னேன். "சரி, எவ்வளவு போடுற, என் முன்னாடி போடு பார்ப்போம்" என்றாள். நான் விரல் நுனியில் ஒரு பொட்டு எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடாகப் பிதுக்கிவிட்டு, "முகத்துக்கும் கழுத்துக்கும் இவ்வளவு வேணும்" என்றாள். ட்யூபில் போட்டிருக்கும் அந்த 50, சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவி அளந்த கணக்கு என்பது அதற்கப்புறம்தான் எனக்குத் தெரியும். பொட்டளவு தடவினால் அதில் பாதிகூடத் தேறாது. வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போடவும் வேண்டும், அதையும் நான் செய்ததில்லை.

அவள் காட்டிய அளவில் போட ஆரம்பித்து ஏழெட்டு மாதத்தில் கறை மங்கிவிட்டது. சன்ஸ்கிரீன் கறையை அழிப்பதில்லை, வெயில் பட்டு அது மேலும் கருக்காமல் காக்கிறது, மிச்சத்தைத் தோல் தானாகவே பார்த்துக்கொள்கிறது. பிசுபிசுப்பு கிடையாது, வெள்ளையாகத் திட்டும் தெரியாது. இவ்வளவு நல்ல பொருள் வேறெதுவும் என் முகத்துக்கு வாய்த்ததில்லை.

ஆனால் கண்! கொஞ்சம் வியர்த்தால் போதும், நெற்றியிலிருந்து வழிந்து கண்ணுக்குள் இறங்கி அப்படி எரிகிறது. புருவத்துக்கு மேலேயே நிறுத்திப் பார்த்தேன், இமைப் பக்கம் போகாமல் தடவிப் பார்த்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. அவோபென்சோன் மாதிரி, வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும் ரசாயன வடிகட்டிகள் இருக்கிற சன்ஸ்கிரீன்களில் இந்தத் தொல்லை பலருக்கும் உண்டு. துத்தநாக ஆக்சைடு வகை அவ்வளவாக எரிக்காது என்று அதைக் கண்ணைச் சுற்றி மட்டும் போட்டேன். எரியவில்லை, ஆனால் என் நிறத்துக்குச் சாம்பல் பூசினாற்போல் இருந்தது, துடைத்துவிட்டேன்.

இன்று மதியமும் கண் சிவந்து, இடது கண்ணைத் திறக்க முடியாமல் பத்து நிமிடம் தண்ணீர் அடித்துக் கழுவினேன். அந்த எரிச்சலோடுதான் நேற்று கேட்டவளுக்குப் பதில் எழுதினேன்: நான் போடுவதை வாங்காதே, வேறு எதுவானாலும் வாங்கு, ஆனால் இவ்வளவு போடு. கூடவே இரண்டு விரலிலும் கோடு பிதுக்கிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.