சி.ரி. (CT) ஸ்கேன் மெஷினை இரவில் நிறுத்தி வைத்த அனுபவம்

மட்டக்களப்பில் தனியார் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நண்பன் போன வாரம் போனில் கேட்டான்: "மச்சான், நீங்கள் இரவில சி.ரி.யை நிப்பாட்டுறீங்களாமே, மெஷினுக்கு ஒண்டும் ஆகேல்லையோ?" அரை மணித்தியாலம் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நிப்பாட்டவோ, வேண்டாமோ?" என்றான். அவனுக்காகத்தான் இது.

நான் கொழும்பில் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராஃபர். எங்களிடம் இரண்டு சி.ரி. புதியது அவசரக் கேஸுகளுக்காக இரவு பகலாக விழித்திருக்கும். பழையது (ஒரு சுற்றில் 16 குறுக்குவெட்டுப் படம் எடுக்கும் 16 ஸ்லைஸ்) பகல் நேரத்துக்கு மட்டும்தான், ஆனாலும் இரவெல்லாம் விசிறி சுழல சும்மா நின்றது. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம் ஏறிய பிறகுதான் அது யார் கண்ணிலும் பட்டது. கணக்காளர் முதன்முறையாக மாடியிலிருந்து இறங்கி வந்து ஸ்கேன் அறையை எட்டிப் பார்த்தார்.

ஸ்கேன் எடுக்கும்போதுதான் கரண்ட் போகிறது என்று அவர் நினைத்தார். எக்ஸ்ரே பாய்வது சில விநாடிதான். மற்ற நேரமெல்லாம் கணினி, விசிறி, உடலைத் தாண்டி வரும் எக்ஸ்ரேயைப் பிடிக்கிற, சூடு மாறாமல் காக்க வேண்டிய டிடெக்டர், போதாததற்கு அறை ஏசி. சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் அளந்து 2020இல் வெளியிட்டார்கள்: சி.ரி. எடுக்கும் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஒன்றும் செய்யாமல் நிற்கும் நேரத்தில் போகிறது. காந்தத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. வேறு சாதி. காந்தம் மைனஸ் 269 பாகையில் திரவ ஹீலியத்தில் கிடக்கிறது. கம்ப்யூட்டரை நிறுத்தினாலும் ஹீலியம் கம்ப்ரஸர் டக் டக் என்று அடித்துக்கொண்டேயிருக்கும். அதில் மட்டும் கை வைக்கக்கூடாது.

பழைய சி.ரி.யை இரவில் நிறுத்தியதால் இதுவரை அதில் எதுவும் பழுதாகவில்லை. பில்லும் இறங்கியது. நான் எதிர்பாராத சுகம், இரவு டியூட்டியில் அந்த வாசலைத் தாண்டும்போது கிடைக்கும் அமைதி. அத்தனை வருஷம் ஒரு இரைச்சலுக்குள் வேலை செய்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

சரி, எரிச்சலுக்கு வருவோம். முதல் சில இரவுகள் ஆர்வக்கோளாறில் ஏசியையும் நிறுத்தினோம். கடற்கரை ஊர், மழைக்காலம் வேறு. காலையில் ஏசியைக் கூட்டிப் போட்டால் கேன்ட்ரி (நோயாளி உள்ளே போகும் வளையம்) மூடியில் விரல் வைத்த இடம் ஈரம். சேர்விஸ் என்ஜினியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். இப்போது ஏசி இரவும் ஓடுகிறது. மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அதற்கே போகிறது.

அதைவிடக் கொடுமை காலை. மெஷின் எழும்ப இருபது நிமிடம்: கொன்சோல் கணினி, எக்ஸ்ரே ரியூப் சூடேற்றல், பிறகு எயார் கலிப்ரேஷன் (வெறும் காற்றை வைத்து டிடெக்டரைச் சரிபார்ப்பது). இன்று ஏழு மணிக்கு வத்தளையிலிருந்து பஸ்ஸில் வந்த அம்மா ஒருவர், வெறும் வயிற்றோடு, கையில் மருந்து ஏற்றும் கானுலா ஊசியோடு உட்கார்ந்திருந்தார். மெஷின் எவ்வளவு தயார் என்று காட்டும் கோடு திரையில் நகரவே இல்லை. "மெஷின் பழுதோ தம்பி?" என்றார். "இல்லையம்மா, நித்திரையால எழும்புது" என்றேன். சிரிக்கவில்லை அவர்.

என் கைப்பேசி கண்ணயர்ந்து தொட்டதும் விழிக்கிறது. கோடிக்கணக்கில் வாங்கிய இந்தப் பெட்டிக்கு ஒன்று முழு விழிப்பு, இல்லாவிட்டால் பிணம். புதிய மொடல்களில் இடைப்பட்ட நிலை உண்டு. எங்களதுக்கு அந்தப் பாக்கியமில்லை.

மேலிடமும் ஒரு நிலையில் நிற்காது. 2025 ஜனவரியில் கட்டணம் 20 சதவீதம் இறங்கியதும் "இனி விடுங்கள்" என்றார்கள். ஜூனில் 15 ஏறியதும் கணக்காளர் மறுபடி மாடியிலிருந்து இறங்கினார்.

நண்பனிடம் இருப்பது ஒரே ஒரு சி.ரி. பக்கவாதக் கேஸ் நடுச்சாமத்திலும் வரும். அவன் நிறுத்தவே கூடாது. இரண்டு வைத்திருப்பவர்களுக்கு? அந்த அம்மாவின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது, வேண்டாம் என்றே சொல்வேன். இப்போது இரவு பத்து மணி. பழைய சி.ரி.யை நிறுத்திவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.