ஆறு பேர் வீட்டுக்கு ஒரு டேப்லெட் போதுமா?

பதினைந்தாயிரத்துக்குள் கிடைக்கும் பத்து அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட், சிம் போடும் மாடல், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த விலையில் எதை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே சரக்குதான், நான் சொல்லப்போகும் குறைகளில் பாதியை ஒரு கம்பெனியின் தலையில் மட்டும் கட்டவும் முடியாது. நீடாமங்கலம் பக்கத்தில் கிராமம், ஓட்டு வீடு, ஆறு பேர். வாங்கி ஒரு குறுவையும் ஒரு சம்பாவுமாக இரண்டு நெல் போகம் முடிந்துவிட்டது, இனி தைரியமாக எழுதலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் காலையில் காபிக்கு முன்னால் மேட்டூர் அணை நீர்மட்டம் தெரிந்தாக வேண்டும். முழுசாக நிறைந்தால் 120 அடி, 93.47 டிஎம்சி, வழக்கமான திறப்பு ஜூன் 12, இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். போனில் பேப்பர் பக்கத்தைத் திறந்தால் இரண்டு விரலால் இழுத்து இழுத்து, தலைப்பு ஒரு மூலை, செய்தி ஒரு மூலை என்று அலைய வேண்டும். டேப்லெட்டை நெட்டுவாக்கில் வைத்தால் முழுப் பக்கமும் அடங்கிவிடுகிறது, தலைப்புகளைக் கண்ணாடி போடாமலே படிக்கிறார். பேப்பர் போடுகிறவர் வரவே எட்டு மணி ஆகிற ஊரில் இது சின்ன விஷயமில்லை.

ஸ்டாண்டு தனியாக வாங்கவில்லை. அத்தை பாராயணத்துக்குப் புத்தகம் வைக்கும் சிக்குப் பலகையை விரித்தால் கச்சிதமாக உட்காருகிறது, வழுக்காமல் இருக்க அடியில் சைக்கிள் டியூப் துண்டை வைத்து ஆணி அடித்திருக்கிறோம். சார்ஜ் போடுவதுதான் தொல்லை. பழைய வீட்டில் பிளக் பாயிண்ட் எல்லாம் டிவிக்கும் மிக்ஸிக்கும் என்று ஆள் உயரத்தில் போட்டது, ஒயர் எட்டாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஊஞ்சலுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில் புதிதாக ஒன்று போட்டோம். அன்றிலிருந்து ராத்திரியில் எல்லாரும் ஊஞ்சலைச் சுற்றித்தான். டிவிக்கு எதிரே இருக்கும் நாற்காலிகளில் இப்போது மடிக்காத துணி கிடக்கிறது.

இங்கேதான் சிக்கலும். ஊஞ்சலில் கிடப்பதால் அது யாருடையதும் இல்லை, எல்லாருடையதும். ஆனால் உள்ளே இருக்கும் ஆப் ஒவ்வொன்றும் ஒரே ஆள்தான் வைத்திருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. அப்பா நெல்லில் விழும் புகையான் பூச்சிக்கு என்ன மருந்து என்று யூடியூபில் தேடுவார், டிராக்டர் வீடியோ பார்ப்பார், அண்ணன் பையனுக்குக் கார்ட்டூன், அத்தைக்கு உபன்யாசம். எல்லாம் ஒரே கணக்கில். "ஏம்ப்பா, பெருமாளக் கேட்டா டிராக்டரக் காட்டுது" என்று அத்தை கொண்டுவந்து நீட்டினார்.

வழி இல்லாமல் இல்லை. ஒரே டேப்லெட்டில் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளும் வசதி ஆண்ட்ராய்டில் 2012இல் 4.2 பதிப்பிலேயே வந்துவிட்டது. எல்லாக் கம்பெனியும் அதை விட்டுவைப்பதில்லை, எங்களுடையதில் இருக்கிறது. இருந்தும் என்ன, 64 ஜிபியை ஆறாகப் பிரித்தால் ஒருவருக்கும் உருப்படியாக இடம் மிஞ்சாது, கணக்கு மாற்றினால் 4 ஜிபி ராம் மூச்சு வாங்குகிறது. அதைவிட முக்கியம், மேலே ஓரத்தில் இருக்கும் சின்ன வட்டத்தைத் தொட்டு ஆள் மாறும் பொறுமை எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. கடைசியில் பையனுக்குப் பூட்டுப் போட்டு ஒரு கணக்கு, மற்ற எல்லாருக்கும் ஒன்று என்று நின்றுவிட்டது. அத்தைக்கு இன்னும் டிராக்டர் வருகிறது, குறைவாக.

வாட்ஸ்அப்பை எடுத்தேவிட்டேன். என் நம்பரை இதில் இணைத்திருந்தேன், நண்பன் கடன் கேட்டு அனுப்பிய குரல் பதிவைக் கூடத்தில் சத்தமாக ஓடவிட்டார்கள்.

பெரிய திரைக்கென்று ஆப் செய்கிறவர்கள் இன்னும் குறைவுதான். ஐபேட் 2010இல் வந்தது, இன்ஸ்டாகிராம் அதற்கென்று ஒன்றைக் கொடுக்க 2025 ஆனது. அவர்களே அப்படி என்றால் நம் பேங்க் ஆப்பைக் கேட்கவா வேண்டும், படுக்கவாக்கில் திருப்பினால் திரும்பவே மாட்டேன் என்கிறது.

அப்புறம் கை. இந்தத் திரைகள் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை, நம் தோல் மின்சாரத்தைக் கடத்துவதை வைத்துத்தான் விரல் பட்டதைக் கண்டுகொள்கின்றன. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன, காய்ந்த விரல் என்றால் தடுமாறும். அப்பா பேப்பர் புரட்டுகிற வழக்கத்தில் நாக்கில் விரலைத் தொட்டுக்கொண்டு தட்டினார், உடனே வேலை செய்தது. சுத்தம் பற்றி அம்மா சொல்வதை இங்கே எழுத முடியாது. ஆண்ட்ராய்டு விதிப்படி தொடும் பொத்தான் ஏறக்குறைய 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். பெரிய ஆப்களில் ஓரளவு இருக்கிறது. அப்பா திறக்கும் ஒரு நீர்மட்டத் தளத்தில் தேதி மாற்றும் அம்புக்குறி எறும்பு அளவு, அது கம்ப்யூட்டர் மவுஸ் காலத்தில் செய்தது, அதில் எந்த விரலும் எடுபடாது, அவர் என்னைத்தான் கூப்பிடுவார்.

வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள். பத்து மணி வெயிலில் திரையில் உங்கள் முகம்தான் தெரியும், கேமராவும் சுமார், இலையில் இருக்கும் பூச்சியை எடுக்க போனே மேல்.

வாங்குவதாக இருந்தால் பணம் கட்டும் முன் கடையிலேயே செட்டிங்ஸைத் திறந்து, ஒன்றுக்கு மேற்பட்ட பயனர்களைச் சேர்க்க முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். நான் கேட்டபோது கடைக்காரத் தம்பி அதைப் பார்த்ததே இல்லை என்றார். சிம் மாடலுக்குக் கூடக் கொடுப்பது வீண் செலவில்லை, ஐப்பசி மழையில் கரண்ட் போனால் வைஃபையும் போய்விடும். ஒரே ஆள் மட்டும் பார்ப்பதற்கு என்றால் இந்தக் காசுக்கு நல்ல போனாகவே வாங்கிவிடலாம்.