யூனிட்டியா, கோடோவா? இரண்டும் கேம் செய்கிற மென்பொருள், கேம் எஞ்சின் என்பார்கள்.
கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணி ஓட்டுகிற ஒரு சின்ன டூடி (2D) கேமை இரண்டிலும் செய்து பார்த்தேன். துடுப்பு போட்டதும் தண்ணி விரிகிற விதம், தோணி கொஞ்சம் பிந்தித் திரும்புவது, விளையாடுகிற ஆளைப் பிடித்து வைப்பது இவைதான், அதை எந்த எஞ்சினும் செய்து தராது, நாமே உட்கார்ந்து திருத்தித் திருத்தி எழுத வேண்டும்.

மற்றபடி வித்தியாசம் இருக்கிறது. யூனிட்டியை இறக்கப் பல ஜிபி டேட்டா வேண்டும். கோடோ சின்ன ஃபைல், இன்ஸ்டோல்கூடத் தேவையில்லை, பழைய லெப்டொப்பிலும் திறக்கும். 2023இல் யூனிட்டி, கேம் எத்தனை தடவை இன்ஸ்டோல் ஆகிறது என்று எண்ணி அதைச் செய்தவரிடம் கட்டணம் வாங்குவதாக அறிவித்து 2024இல் கைவிட்டது, கோடோவோ எம்ஐடி என்கிற திறந்த உரிமத்தில் இலவசம். சரி, பிளேஸ்டேஷன், ஸ்விட்ச் என்று கேம் கன்சோல்களுக்குப் போக நினைத்தால் யூனிட்டிதான் வசதி. மட்டக்களப்பில் போன் டேட்டாவில் முதல் கேம் செய்கிற தம்பி, தங்கச்சிக்கு நான் கோடோவைத்தான் சொல்வேன்.