பத்தமடைக்கு வந்த ஒற்றை ஆள் யூனிட்

திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் பாய் நெய்யும் பெண்கள் குழு ஒன்றுக்கு விற்பனை வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குக் காட்ட எட்டு நிமிடப் படம் ஒன்றும், இன்ஸ்டாகிராமுக்குச் சில துண்டுகளும் தேவைப்பட்டன. முதலில் சென்னையில் ஒரு விளம்பரப் பட நிறுவனத்தில் கேட்டோம். வந்த கொட்டேஷனில் பதினோரு பேர். டைரக்டர், கேமராமேன், அவருக்கு அசிஸ்டென்ட்கள், லைட்மேன்கள், மேக்கப். பாய் நெய்கிறவர்களுக்கு மேக்கப் எதற்கு என்று கேட்டேன், பதில் வரவில்லை. வண்டி, ரூம், சாப்பாடு எல்லாம் தனிக் கணக்கு. குழுத் தலைவி தொகையைப் பார்த்துவிட்டு, "இந்தத் துட்டுக்கு இன்னும் நாலு தறி போட்டுரலாம்லா" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

அப்புறம் கிடைத்தவர் பாளையங்கோட்டைத் தம்பி ஒருவர். கல்யாண வீடியோதான் அவருக்குச் சோறு போடும் தொழில். நடுநடுவே கல்லூரி விழா, ஜவுளிக்கடை விளம்பரம். கேமரா, விளக்கு, ஒலிப்பதிவு, எடிட்டிங், கலர், சப்டைட்டில் எல்லாமே அவர் ஒருவர்தான். கருவிகளோடு சேர்த்து ஒரு நாளுக்கு 18,000 ரூபாய், எடிட்டிங்குக்கு 25,000. பெயரைப் போடவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஏற்கெனவே போனை எடுக்க நேரமில்லையாம். அதனால் இப்படி ஒரு ஆளை அமர்த்தினால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பத்தமடையில் பாய் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் நெய்யப்படுகிறது. தறி தரையோடு தரையாகக் கிடக்கும். அதை விரித்துவிட்டால் அறையில் மிச்சமிருப்பது சுவரோரம் ஒரு ஆள் ஒதுங்கும் இடம். நெய்கிறவர்கள் முஸ்லிம் பெண்கள். முன்பின் தெரியாத ஆண்கள் கேபிளை இழுத்துக்கொண்டு நாலு பேர் உள்ளே வந்தாலே போதும், கை நின்றுவிடும். இந்தத் தம்பி முதல் தடவை வந்தபோது கேமராவையே எடுத்துவரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தார். ஒவ்வொருவரிடமும், "பெரியம்மா, முகம் வரலாமா, கை மட்டும் போதுமா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒருவர் குரல் வரலாம், முகம் வேண்டாம் என்றார். அப்படியே செய்தார், எடிட்டிங்கிலும் அதை மீறவில்லை. பாங்கு சொல்லும் நேரத்தையும் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு ஐந்து நிமிடம் முன்பே பேட்டியை நிறுத்திவிடுவார்.

படத்தில் ஆகச் சிறந்த காட்சி அந்த முகம் காட்டாத அம்மாவின் கைகள்தான். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரைப் புல்லை அறுத்து, காயவைத்து, ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, பிறகு நார் நாராகக் கிழிப்பார்கள். எவ்வளவு மெல்லிசாகக் கிழிக்கிறோமோ அவ்வளவு நயமான பாய். பட்டுப்பாய் என்று சொல்வது, துணிபோல் மடிக்க வருவது, எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தக் கிழிப்புதான். இதை நான் வாடிக்கையாளர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருக்கிறேன். தம்பி மிக அருகில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில், எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையைச் சாய்த்துவைத்து எடுத்தார். நகத்துக்கும் கோரைக்கும் நடுவே கத்தி போவது அவ்வளவு துல்லியம். அந்த ஒரு காட்சியைப் பார்த்த பிறகு "ஏன் இவ்வளவு விலை?" என்ற கேள்வி எனக்குக் குறைந்திருக்கிறது.

இங்கே வருகிற எல்லாரும் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பாய் போன கதையைத்தான் முதலில் கேட்பார்கள். இவர் அதைக் கேட்கவே இல்லை. கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரை எப்படி நெய்கிறீர்கள், எழுத்து தப்பிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அதற்கு அந்த வீட்டில் எழுந்த சிரிப்பு படத்தில் அப்படியே இருக்கிறது.

தொழில்நுட்ப விஷயத்தில் ஆள் கெட்டி. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/60 நொடியில் வைத்தால் ட்யூப்லைட் வெளிச்சம் படத்தில் பட்டை பட்டையாக ஓடும், 1/50-இல் வைத்தால் அடங்கிவிடும் என்று செய்து காட்டினார். ஒரு வீட்டில் மலிவு எல்.இ.டி. பல்பு என்ன செய்தும் அடங்கவில்லை. அதை அணைக்கச் சொல்லிவிட்டு, பேட்டரியில் எரியும் தன் விளக்கின் வெளிச்சத்தைச் சுவரில் அடித்துத் திருப்பினார். கரண்ட் போனபோதும் வேலை நிற்கவில்லை.

குறை என்றால் ஒலிதான், அது சின்னக் குறை இல்லை. ஒரே ஆள் கேமரா ஆடாமல் தாங்கும் கிம்பலைப் பிடித்து, போகஸ் பார்த்து, கேள்வியும் கேட்டு, காதில் ஹெட்போனும் மாட்டியிருந்தால் ஏதோ ஒன்று தப்பத்தான் செய்யும். குழுத் தலைவியின் பேட்டியில் பாதி தூரம் முக்காட்டுத் துணி காலர் மைக்கில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. எடிட்டிங்கில் உட்காரும்போதுதான் தெரிந்தது. சாப்ட்வேரில் கழுவிப் பார்த்தார். குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. காசு வாங்காமல் திரும்ப வந்து பதிவு செய்தார், அது பெரிய மனசு. ஆனால் முதல் தடவை அந்த அம்மா தன் மாமியாரிடம் தறி பழகியதைச் சொன்ன விதம் இரண்டாம் தடவை வரவில்லை.

ட்ரோன் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் குழுவிலேயே அதற்குத்தான் ஆசை அதிகம். 250 கிராமுக்குள் அடங்கும் நானோ ட்ரோனுக்கு, 2021 ட்ரோன் விதிகளின்படி பைலட் சான்றிதழ் வேண்டாம். ஆனாலும் பறக்கிற இடம் முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலமா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிட்டே எடுத்தார். ஆறும் வயலும் மேற்கே மலையும் அழகாகத்தான் வந்தன. கடைசிப் படத்தில் நின்றது சில நொடிகள். காசு குறைவாக இருந்தால் முதலில் வெட்டவேண்டிய செலவு இதுதான் என்பேன்.

படம் கைக்கு வரச் சொன்ன தேதியைத் தாண்டிவிட்டது. காரணம் தை மாதம். முகூர்த்தம் ஆரம்பித்தால் இந்த மாதிரி ஆட்களைப் பிடிக்க முடியாது. நம் படம் கல்யாண ஆல்பங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். ஆடியிலும் மார்கழியிலும் கை காலியாக இருக்கும், ரேட்டும் பேசலாம். ஆனால் நம் பக்கம் ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் வெளியே ஒரு வார்த்தை ஒழுங்காகப் பதிவாகாது. என் ஓட்டு மார்கழிக்கு. காலை வெயிலும் இதமாக இருக்கும்.

பேப்பர் வேலையை நட்பில் விட்டுவிடாதீர்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். எடிட் செய்யாத மூலப் பதிவு (ரஷ்) யாரிடம், எவ்வளவு காலம் இருக்கும் என்பதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். 4கே-யில் எடுத்தால் ஒரு மணி நேரப் பதிவே நிறைய இடம் பிடிக்கும். அவர் எத்தனை பேருடையதைச் சேர்த்து வைப்பார்? நாங்களே இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுத்தோம், ஒன்று எங்களிடம், ஒன்று அவரிடம். தன் வேலையைக் காட்ட அவர் வைத்திருக்கும் மாதிரித் தொகுப்பில் (ஷோரீல்) எங்கள் காட்சிகளைப் போடலாம், முகம் வேண்டாம் என்று சொன்னவர்கள் தவிர என்று ஒரு வரியும் சேர்த்தோம்.

பெரிய கூட்டத்தைப் படம்பிடிக்கவோ, பத்துப் பேர் நடிக்கிற விளம்பரம் எடுக்கவோ இவரைப் போன்ற தனியாளை நம்பிப் போகாதீர்கள். வீட்டுத் தொழில், கைவேலை, வயசானவர்கள் பேச்சு என்றால் தயங்காமல் கூப்பிடலாம். அடுத்து சாயம் போடுவதைப் பற்றி ஒரு படம் எடுக்கிறோம், அதே தம்பிதான். இந்த முறை ஒலிக்கென்று ஒரு பெண் வருகிறார், காட்சித் தொடர்பியல் படித்து முடித்தவர், நாளுக்கு 3,000 ரூபாய். அவர் வந்தால் மைக்கை எங்கே குத்துவது என்பதை அந்த வீட்டுப் பெண்களிடம் கூச்சமில்லாமல் பேசிக்கொள்ளவும் முடியும்.