கட்டெறும்பு வளர்ப்பு: ஆறு வருஷம், பன்னிரண்டு மழைக்காலம்

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு போய்விடலாம். ஆன்லைனில் நல்ல விலை கொடுத்து வாங்கிய அக்ரிலிக் கூட்டில் இப்போது ஸ்க்ரூவும் ஆணியும் கிடக்கின்றன. பக்கத்துத் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் கேட்டு வாங்கிய உடைந்த ஏஏசி கல்லை (எடை குறைந்த கட்டுமானக் கல்) குடைந்து செய்த கூட்டில்தான் என் கட்டெறும்புகள் நாலாவது வருஷமாகக் குடியிருக்கின்றன.

வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கும் திருவட்டாறுக்கும் இடையில். மூன்று பக்கம் ரப்பர். ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழையையும் வாங்குகிற மாவட்டம் இது. எறும்பு வளர்ப்பு பற்றி இணையத்தில் கிடைப்பதில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் சொல்வது. கூட்டை நனைத்துக்கொண்டே இரு, அடியில் சூட்டுப் பாய் விரி, குளிர்காலத்தில் ஃபிரிட்ஜில் வைத்துத் தூங்க விடு என்பார்கள். துவைத்துப் போட்ட சட்டை மூன்று நாளாகியும் காயாத ஊரில் இதை அப்படியே செய்தால் என்ன ஆகும் என்பதைக் கற்றுக்கொள்ளவே எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

ஆரம்பம் 2019 ஜூன். முதல் பெருமழை விட்ட சாயங்காலம், சிட்-அவுட் விளக்கைச் சுற்றி ஈசல் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே ஒன்று மட்டும் நடையே வேறாக இருந்தது. ஈசலுக்கு நாலு சிறகும் ஒரே அளவு, இடுப்பும் கிடையாது. இதற்கு இடுப்பு நூலாக இருந்தது, மீசை முழங்கை போல மடங்கியிருந்தது, சிறகு உதிர்ந்த இடத்தில் தழும்பு. கட்டெறும்பு ராணி, விஞ்ஞானப் பெயர் கேம்பனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ். சிறகை உதிர்த்த ராணி என்றால் பெரும்பாலும் இணைசேர்ந்து முடித்து, வளை தேடி அலைவது என்று அர்த்தம்.

மார்த்தாண்டத்தில் பள்ளி ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் டெஸ்ட் டியூப் வாங்கினேன். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை அடைக்கப் பஞ்சு, அப்புறம் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. அவ்வளவுதான் முதல் வீடு. இந்த இனத்து ராணிக்கு முதல் வேலைக்காரிகள் பிறக்கும்வரை சாப்பாடே வேண்டாம். இனி பறக்க வேண்டியதில்லை என்பதால் சிறகுத் தசையைக் கரைத்து, அந்தச் சத்திலேயே முதல் குஞ்சுகளை வளர்த்துவிடும். நாம் செய்ய வேண்டியது இருட்டில் வைத்துவிட்டு மறந்துபோவது. நான் மறக்கவில்லை. தினம் நாலு தடவை டார்ச் அடித்துப் பார்த்தேன், போட்ட முட்டைகளை ராணியே தின்றுவிட்டது. அதற்குப் பிறகு டியூபைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன். ஒன்றரை மாதம் கழித்து எடுத்தபோது ஐந்து குட்டி எறும்புகள். அம்மா எட்டிப் பார்த்துச் சொன்னது இன்றும் எங்கள் வீட்டுப் பழமொழி: “எலேய், சீனி டப்பாவுல கெடக்கத வெரட்ட மருந்து வாங்குதோம், நீ என்னன்னா தேன் ஊத்தி வளக்குத.”

முதலில் கட்டியது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூடு. புற்றைத் தட்டையாக்கிக் கண்ணாடி வழியாகப் பார்க்கும் யோசனை புதிதல்ல. பிரான்சின் சார்ல் ழானே 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியிலேயே இப்படி ஒன்றை வைத்திருந்தார். களிமண்ணில் அறைகளையும் வழிகளையும் உருட்டி, தட்டில் ஒட்டி, மேலே பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினால், காய்ந்த பிறகு களிமண்ணைத் தோண்டி எடுக்கலாம். செய்ய ரொம்ப சந்தோஷமான வேலை. பார்க்கவும் அழகு. அக்டோபர் மழை தொடங்கி இரண்டாவது வாரம் மூலையில் கறுப்பாகப் புள்ளி விழுந்தது, நவம்பரில் சுவர் பூராவும் பூஞ்சை. பூஞ்சையையாவது பொறுத்திருப்பேன். நனைந்த பிளாஸ்டர் சாக்பீஸ் மாதிரி இளகிவிடும் என்பதை எனக்கு முன்னால் எறும்புகள் கண்டுபிடித்துவிட்டன. கண்ணாடி ஓரமாகக் கடித்துக் கடித்து வழி போட்டு, ஒரு காலையில் சிட்-அவுட் தரையில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நல்லவேளை, ராணி உள்ளேயே இருந்தது.

அடுத்துதான் அந்த அக்ரிலிக். விற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சாமான் ஒழுங்கான சாமான்தான். எனக்கும் எங்கள் ஊருக்கும் ஒத்துவரவில்லை. வழுவழுப்பான சுவரில் வேர்த்து நீர் கோத்து, முட்டைகள் அதில் ஒட்டிக்கொண்டன. அதைவிடப் பெரிய தப்பு என்னுடையது. அறுபது எறும்புக்கு அறுநூறு எறும்புக்கான வீட்டைக் கொடுத்தேன். ஒரு மூலையில் குடும்பம், மிச்ச அறைகளெல்லாம் குப்பைத்தொட்டி. கரப்பான் காலும் செத்த எறும்பும் நாறி, சுத்தம் பண்ணத் திறந்தால் எல்லாம் வெளியே ஓடும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது ஒன்றுதான்: டியூபில் இடம் நிரம்பி வழியும்வரை கூடு மாற்றாதீர்கள்.

ஏஏசி கல் என்பது கட்டுமானக் கடையில் ‘லைட் வெயிட் பிளாக்’ என்று கேட்டால் தரும் சாம்பல் வெள்ளைக் கல். பழைய ஸ்க்ரூ டிரைவரும் உளியும் போதும், வெண்ணெய்க்கட்டி மாதிரி குடையலாம். மூக்கில் மாஸ்க் கட்டாயம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நான் வாசலில் கல்லை நனைத்துவிட்டுத்தான் குடைந்தேன். அறைகளின் ஆழம் விரலின் முதல் கணு அளவு. கட்டெறும்பில் பெருந்தலைக்காரிகள், அதாவது தலை பெருத்த பெரிய வேலைக்காரிகள், தாராளமாகத் திரும்ப வேண்டுமே. பிறகு கழுவி இரண்டு நாள் வெயிலில் காய வைத்து, கண்ணாடிக் கடையில் அளவு சொல்லி வெட்டிய கண்ணாடியை மீன்தொட்டி சிலிக்கானால் ஒட்டினேன். பூஞ்சைக் கொல்லி கலந்த பாத்ரூம் சிலிக்கான் வேண்டாம். கண்ணாடி மேல் சிவப்பு செலஃபேன் தாள். எறும்புக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது, இருட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும்.

இந்தக் கூட்டின் சூட்சுமம் தண்ணீர் ஊற்றும் குழி. கல் முழுவதையும் நனைக்காமல், ஒரே ஒரு மூலையில் மட்டும் சின்னக் கிணறு மாதிரி வெளிப்புறம் தோண்டினேன். சிரிஞ்சில் நாலைந்து மில்லி விட்டால் அந்த மூலை நனையும், எதிர்மூலை எலும்பாகக் காய்ந்து கிடக்கும். எங்கே இருக்கலாம் என்பதை எறும்பே முடிவு செய்துகொள்ளும்.

இங்கேதான் இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பிடித்த காட்சி. முட்டையையும் பொடிப் புழுக்களையும் ஈர மூலையில் குவித்து வைத்திருக்கும். பழுப்பு அரிசி மாதிரி இருக்கும் கூட்டுப்புழு உறைகளை மட்டும் காய்ந்த பக்கம் அடுக்கியிருக்கும். மழை நாலு நாள் விடாமல் பெய்தால் மொத்தக் குடும்பமும் காய்ந்த கோடிக்கு நகரும். ஒவ்வொருத்தியும் தன்னை விடப் பருத்த உறையைத் தாடையில் கவ்வி, தலையை அண்ணாந்து தூக்கிக்கொண்டு, எதிரே வருகிறவளுக்கு ஒதுங்கி வழிவிட்டுப் போவாள். ஏப்ரல் வெக்கையில் உறைகள்கூடக் கிணற்றுப் பக்கம் இறங்கிவரும். கடையில் வாங்கிய ஈரமானியைத் தூக்கிப் போட்டுவிட்டேன். உறைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துத்தான் தண்ணீர் விடுகிறேன். ஜூன், ஜூலையில் மூன்று வாரம்கூட ஒரு சொட்டு விடாமல் இருந்திருக்கிறேன்.

கூட்டோடு ஒட்டி இரை தேடும் தொட்டி ஒன்று வேண்டும். மூடியில்லாத பெரிய பிளாஸ்டிக் டப்பா போதும், விளிம்பில்தான் பாடு. டால்கம் பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசச் சொல்வார்கள். மாசி, பங்குனியில் பிரமாதம். ஆடியில் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கெட்டியாகி, எறும்புகள் படிக்கட்டு மாதிரி ஏறிவிட்டன. இப்போது வாஸ்லினில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கலந்து விரலால் மெல்லிசாகத் தேய்க்கிறேன். பத்து நாளைக்கு ஒரு தடவை துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் நிற்கிறது.

உள்ளே இருப்பது வெளியே வருவதைவிட, வெளியே இருப்பது உள்ளே வருவதுதான் நம் ஊரில் ஆபத்து. 2021 அக்டோபரில் எனக்கு இரண்டாவதாக ஒரு குடும்பம் இருந்தது, டியூபில், இருபது எறும்பு. ராத்திரி அடைமழை. பொடிச் சிவப்பெறும்பு சுவர் விரிசல் வழியே ஏறி வந்திருக்கிறது. காலையில் டியூபில் ராணியின் தலை மட்டும் கிடந்தது. பாட்டி காலத்தில் பால் பாத்திரத்தை உறியில் தொங்கவிட்டதும், சீனி டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்ததும் நினைவுக்கு வந்தது. அதே வைத்தியம், எதிர்த்திசையில். மேஜையின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம், ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. சோப்பு இருந்தால் எறும்பு மேலே நடக்க முடியாது, மூழ்கும். கிண்ணத்தை வாரம் ஒருமுறை கவிழ்த்து மாற்றியே ஆக வேண்டும். கொசுப்புழு பார்க்க வீடு வீடாக வந்த பெண்கள் என் கிண்ணங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

சாப்பாடு சுலபம். ரப்பர் மரம் புதுத் தளிர் விடும் மாதங்களில் இலைக்காம்பு நுனியில் தேன் சுரக்கும். நம் மாவட்டத்துத் தேன் பெரும்பாலும் அதுதான். அதில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து பஞ்சில் நனைத்து வைப்பேன். குஞ்சு வளரப் புரதம் வேண்டும். வெட்டுக்கிளி, அவித்த முட்டை மஞ்சள் கரு, சாளை மீனில் நகக்கண் அளவு துண்டு. மீனை மறுநாளே எடுத்துவிடவும், இல்லாவிட்டால் வீட்டில் உங்களையும் சேர்த்து வெளியே வைப்பார்கள். கரப்பானை வெந்நீரில் முக்கித்தான் கொடுப்பேன், ஒட்டியிருக்கும் உண்ணி செத்துவிடும். மருந்தடித்த வீட்டுக் கரப்பான் கூடவே கூடாது. ஒரு முறை மைனி ஊரிலிருந்து வந்தவர், “தம்பி, மேச கீழ உறும்பா ஊருது, நான் சாக்பீஸ் வரஞ்சு விட்டேன்” என்றார் பெருமையாக. நல்ல மனசோடு செய்தது, என்ன சொல்ல? அடுத்த இரண்டு நாளில் இருநூறு எறும்புக்கு மேல் பொறுக்கி எடுத்தேன்.

இப்போது குடும்பம் ஆயிரங்களில் இருக்கிறது, எண்ணுவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. மூன்றாம் வருஷம்வரை வாரம் இருபது நிமிஷ வேலை; இன்று ஒருநாள் விட்டு ஒருநாள் இரை, குப்பை, விளிம்பு. பெரிதானால் எல்லாமே பெரிதாக வேண்டும். இரண்டாவது கல்லை இணைக்க மீன்தொட்டிக் காற்றுக் குழாயைப் போட்டேன். ஒரு பெருந்தலைக்காரி நடுவில் சிக்கி, முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் ஒருநாள் முழுக்கப் போக்குவரத்தை நிறுத்திவிட்டாள். கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூப்தான் சரியான அகலம். கட்டெறும்புக்குக் கொடுக்கு கிடையாது. கடித்து, கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும், காந்தும். கை விட்ட பாவத்துக்கு அது சரி.

முசுறு வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கொல்லாமாவில் (முந்திரி மரத்தில்) இருக்கட்டும், பார்த்து ரசியுங்கள். புழுவின் பட்டுநூலால் இலையைத் தைத்து, ஒரே குடும்பம் பல கூடுகளில் பரவி வாழும் இனம் அது. ராணி எந்தக் கூட்டில் என்றே தெரியாமல் ஒரு கிளையை வெட்டி வந்து, எல்லாம் செத்து முடிந்ததுதான் என் அனுபவம்.

இன்னொன்று, காட்டுக்குள் போய்ப் புற்று தோண்டாதீர்கள், வெளிநாட்டு ராணியைக் கூரியரில் வாங்காதீர்கள். 2025-இல் கென்யாவில் சுமார் 5,000 எறும்புகளை டியூபில் அடைத்து வைத்திருந்த இரண்டு பெல்ஜிய இளைஞர்களுக்கு அபராதம் போட்டார்கள். திண்டுக்கல் கரந்தமலை அடிவாரத்தில் 2022-இல் மஞ்சள் எறும்பு ஆடு மாடுகளைப் படுத்திய பாடும் நினைவிருக்கும். சிட்-அவுட் விளக்குக்கு வருவதே போதும்.

போன மாதத்திலிருந்து கூட்டில் சிறகு முளைத்தவை தெரிகின்றன, நாற்பது போல இருக்கும். மேகம் கறுத்தால் காய்ந்த அறையிலிருந்து எல்லாம் கண்ணாடி ஓரத்துக்கு வந்து முட்டுகின்றன. இதே முற்றத்தில் பிடித்த ராணியின் பிள்ளைகள்தானே. முதல் மழை விட்டதும் மேஜையைச் சிட்-அவுட்டுக்கு நகர்த்தி, ஒரு பக்கத்து வாஸ்லினைத் துடைத்துவிடுவதாக இருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.