சி நிரல்களை மொத்தமாக ரஸ்டுக்கு மாற்றுவதா, புதிய நிரலை மட்டும் அதில் எழுதுவதா?

2014-ல், இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை, ஒரே ஒரு நீளச் சரிபார்ப்பு விடுபட்டதால் வந்த வினை. கேட்டவர் சொன்ன அளவை அப்படியே நம்பி, பஃபருக்கு (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவக இடம்) அப்பால் இருந்த தரவையும் சர்வர் வாரிக் கொடுத்தது. 2020-ல், குரோம் பிரவுசரின் அடித்தளமான குரோமியத்தின் குழு தன் கடுமையான பாதுகாப்புப் பிழைகளை எண்ணிப் பார்த்தபோது, ஏறக்குறைய 70 சதவீதம் இதுபோல் தொடக்கூடாத நினைவகத்தைத் தொடும் நினைவகப் பிழைகளாகவே இருந்தன. சி மொழியில் கவனமாக எழுதினால் போதும் என்பதை இதற்குப் பிறகும் என்னால் ஏற்க முடியவில்லை. ரஸ்ட், இத்தகைய பிழைகளைப் பெரும்பாலும் நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும்போதே, அதாவது கம்பைல் செய்யும்போதே, தடுக்கும் மொழி. சரி, எந்த வழியில் மாறுவது?

சி-யிலேயே இருந்துகொண்டு ஃபஸ்ஸிங் (தாறுமாறான உள்ளீடு கொடுத்துச் சோதிப்பது), சானிடைசர் (ஓடும்போது பிழையைக் காட்டிக்கொடுக்கும் கருவி) என்று வேலியைப் பலப்படுத்தலாம். செலவு குறைவு, ஆனால் சோதனையில் ஓடிய பாதையில் இருக்கும் பிழை மட்டுமே சிக்கும். ஃபில்-சி என்ற கம்பைலர் இன்னும் ஒரு படி மேலே போகிறது: பழைய சி நிரலைச் சிறு மாற்றங்களோடு கம்பைல் செய்து, ஓடும்போதே ஒவ்வொரு பாயிண்டரையும் (நினைவக முகவரியைச் சுட்டுவது) சரிபார்க்கிறது. அதற்கு வேகத்தில் விலை கொடுக்க வேண்டும். கைவைக்க ஆளில்லாத பழைய கருவிகளுக்கு இது நல்ல வழி.

மொத்தமாக மாற்றி எழுதுவதில்தான் எனக்குத் தயக்கம். கட்டளைகளை வாங்கி இயக்கும் ஃபிஷ் ஷெல் சி++-லிருந்து ரஸ்டுக்கு வந்து, 2025-ல் 4.0 ஆக வெளியானது உண்மைதான். ஆனால் அதைச் செய்தவர்கள் அந்த நிரலை உள்ளும் புறமும் அறிந்தவர்கள். லினக்ஸ் வகையான உபுண்டு 25.10-ல் என்ன நடந்தது? ரஸ்டில் எழுதிய டேட் கட்டளை, கோப்பின் நேரத்தைக் கேட்கும் ‘-r’ விருப்பத்தை வாங்கிக்கொண்டு, அப்போதைய நேரத்தையே சொன்னது. அதனால் சில கணினிகளில் தானியங்கிப் புதுப்பிப்புச் சோதனை நின்றுபோனது. இந்த வகைப் பிழையை எந்த கம்பைலரும் பிடிக்காது. பல ஆண்டு பயன்பாட்டில் பழைய நிரல் கற்றுக்கொண்டதை எல்லாம் புதியது மறுபடி கற்க வேண்டும்.

மூன்றாவது வழி, பழையதை அப்படியே விட்டுவைத்துப் புதியதை மட்டும் ரஸ்டில் எழுதுவது. ஆண்ட்ராய்டு பெரும்பாலும் இப்படித்தான் போனது. அதன் பாதுகாப்புக் குறைகளில் நினைவகப் பிழைகளின் பங்கு 2019-ல் 76 சதவீதம், 2024-ல் 24. நினைவகப் பிழைகள் அதிகம் முளைப்பது புதிய நிரலில். பழையதில் காலப்போக்கில் குறைந்துகொண்டே வரும். அதனால் ஊற்றை அடைத்தாலே போதுமானதாகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலும் 2022 டிசம்பரில் 6.1 பதிப்பிலிருந்து இந்தப் பாதையில்தான் நடக்கிறது.

இதிலும் வலி உண்டு. சி பக்கம் ஒரு இன்டர்ஃபேஸ் மாறினால் ரஸ்ட் பக்கம் யார் சரிசெய்வது என்று பராமரிப்பாளர்கள் கேட்பது நியாயமான கேள்வி. 2021-ல் பைத்தானின் கிரிப்டோகிராஃபி பேக்கேஜ் ரஸ்டைச் சேர்த்தபோது, ரஸ்ட் கம்பைலர் இல்லாத பழைய பிராசசர்களை வைத்திருந்தவர்கள் தவித்தார்கள். இணையத்தில் தரவைக் கொண்டுவரும் கருவியான கர்ல், ரஸ்டில் எழுதிய ஹைப்பர் நூலகத்தைத் தன் எச்டிடிபி வேலைக்குச் சில ஆண்டுகள் முயன்றுவிட்டு, பயன்படுத்தவும் முடித்துக் கொடுக்கவும் போதிய ஆளில்லாமல் கைவிட்டது.

இருந்தும் என் தேர்வு மூன்றாவதுதான், ஒரு விலக்கோடு: வெளியிலிருந்து வரும் கோப்பையோ பாக்கெட்டையோ பிரித்துப் படிக்கும் பார்சர் எவ்வளவு பழையதாக இருந்தாலும் அதை முதலில் மாற்றுங்கள். எஸ்விஜி படங்களைப் படிக்கும் லிப்ஆர்எஸ்விஜி 2016-லேயே அந்த வேலையைத் தொடங்கிவிட்டது, அதுவும் துண்டு துண்டாக.